முதுகு வளைந்த மகளுக்கு சத்து பவுடர் போதுமா? ஓர் அம்மா இழந்த 9 மாதங்கள்!

குழந்தைக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்று தெரியவந்த அன்று இரவு, பெரும்பாலான பெற்றோர் செய்வது ஒன்றைத்தான். எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனை எடுத்துத் தேடுவார்கள். திரையில் முதலில் வந்து நிற்பது டாக்டர் அல்ல, டப்பா. கால்சியம், வைட்டமின் டி, மெக்னீசியம், கொலாஜன், மீன் எண்ணெய் என்று பெயர்கள் வரிசை கட்டும். `எலும்பு வலுவானால் வளைவு நின்றுவிடும்' என்ற வாக்கியம் படிக்கும்போதே மனதுக்கு இதமாக இருக்கும்.

ஈரோட்டைச் சேர்ந்த ஓர் அம்மாவும் அப்படித்தான் தேடினார். ஜெராக்ஸ் கடை நடத்துபவர். கணவருக்கு ஜவுளி குடோனில் வேலை. ஒரே மகள், அப்போது ஏழாம் வகுப்பு. யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த டெய்லர் அக்காதான் முதலில் கவனித்துச் சொன்னார். "ஏனுங்க, பாப்பாவுக்கு வலது தோள் ஏறி நிக்குதுங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெச்சா சட்டை இழுக்கும். ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க."

காட்டினார்கள். எக்ஸ்ரே எடுத்ததில் வளைவு 19 டிகிரி. டாக்டர் பதறவில்லை. "இப்போதைக்கு கவனிச்சுக்கிட்டு வந்தா போதும். நாலு மாசத்துல மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம்" என்றார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால், வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு 60,000 யூனிட் சாஷே எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டில் இருந்து ஆரம்பித்தது குழப்பம்.

சத்துக் குறைவுக்கு மருந்தா... வளைவுக்கு மருந்தா?

டாக்டர் சாஷே எழுதியது ரத்தத்தில் இருந்த குறைபாட்டுக்கு. வீட்டில் புரிந்துகொண்டது, முதுகு வளைவுக்கு மருந்து அதுதான் என்று. "மருந்துன்னு அவர் எழுதுனதே அது ஒண்ணுதானே? அப்ப அதுதானே வைத்தியம்?" என்று அப்பா கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் அன்று தோன்றியிருக்கிறது.

ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதும், கூடவே தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதும். எக்ஸ்ரேயில் அதை அளக்கும் முறையை 1948-ல் வகுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜான் காப். அதனால் இன்றும் அந்த அளவுக்கு `காப் ஆங்கிள்' என்றே பெயர். 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளரிளம் பருவத்தில் 100 பேரில் இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கலாம். சிறிய வளைவு ஆண், பெண் இரு பாலரிடமும் ஏறக்குறைய சமமாகவே காணப்படும். பெரிதாகி சிகிச்சை வரை போவது பெண் குழந்தைகளிடம்தான் மிக அதிகம்.

காரணம்? பத்து வயதுக்கு மேல் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்று கண்டறியப்படவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. கனமான புத்தகப் பையால் வருவதில்லை. கூன் போட்டு உட்கார்ந்ததாலும் வருவதில்லை. ரிக்கெட்ஸ் நோயில் வைட்டமின் டி குறைவால் குழந்தையின் கால் எலும்பு வளையும். சத்தைக் கொடுத்தால் சரியாகும். முதுகு வளைவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நல்ல சாப்பாடு சாப்பிடும் குழந்தைக்கும் வரும், நன்றாக ஓடியாடும் குழந்தைக்கும் வரும்.

`நான் பால் சரியா குடுக்கல போல' என்று தன்னையே நொந்துகொள்ளும் அம்மாக்கள் கொஞ்சம் மூச்சுவிடலாம். அது உங்கள் தவறில்லை.

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை?

சப்ளிமென்ட் பேச்சு முழுக்க வியாபாரிகள் கிளப்பிவிட்டதும் அல்ல. அதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஸ்கோலியோசிஸ் உள்ள வளரிளம் பெண்களில் கணிசமானோருக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதையும், பலருக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதையும் பல நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எலும்பு வலுவற்று இருப்பதால் வளைவு கூடுகிறதா, அல்லது இரண்டுக்கும் பின்னால் வேறு ஏதோ ஒன்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக மருத்துவர்கள். 11 முதல் 14 வயது வரையிலான ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சத்து எதுவும் இல்லாத வெறும் மாத்திரை. மற்ற இரு பிரிவுகளுக்கும் தினமும் 600 மி.கி கால்சியம். கூடவே ஒரு பிரிவுக்கு 400 யூனிட், இன்னொன்றுக்கு 800 யூனிட் வைட்டமின் டி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். சத்து மாத்திரை சாப்பிட்டவர்களின் எலும்பு அடர்த்தி மேம்பட்டது. வளைவு கூடியவர்களின் எண்ணிக்கையும் அவர்களிடையே குறைவாக இருந்ததாக அந்தக் குழு தெரிவித்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், சில விஷயங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தப் பெண்கள் எல்லோருமே எலும்பு அடர்த்தி குறைவாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கொடுக்கப்பட்டது சாதாரண அளவு கால்சியமும் வைட்டமின் டி-யும் மட்டுமே. கொலாஜனோ, மூலிகைக் கலவையோ, மாதம் பல ஆயிரம் ரூபாய் பவுடரோ அல்ல. ஆய்வு பார்த்தது, வளைவு கூடும் வேகம் குறைகிறதா என்பதை. வளைந்த முதுகு நிமிரும் என்று அது சொல்லவில்லை. பிரேஸ் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

`மெலடோனின்' மாத்திரையின் கதை இன்னும் சுவாரஸ்யம். தலைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பியை நீக்கிய கோழிக் குஞ்சுகளுக்கு முதுகு வளைந்ததை ஜப்பானில் 1990-களில் விரிவாக ஆராய்ந்தார்கள். அந்தச் சுரப்பி சுரப்பது மெலடோனின். அதனால், மெலடோனின் கொடுத்தால் வளைவைத் தடுக்கலாமோ என்ற எண்ணம் பிறந்தது. பிறகு ஹாங்காங்கில் குட்டிக் குரங்குகளுக்கு அதே சுரப்பியை நீக்கிப் பார்த்தபோது ஒன்றுக்கும் முதுகு வளையவில்லை. கோழிக்கு நடந்தது குரங்குக்கே நடக்கவில்லை. இதை நம்பி நம் வீட்டுப் பிள்ளைக்குத் தூக்க மாத்திரை போல அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

`பவுடர் சாப்பிட்டதும் நின்னுடுச்சு' - எப்படி?

ஈரோட்டு அம்மாவுக்கு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவர் வேறு யாருமில்லை, ஒன்றுவிட்ட நாத்தனார். ஆள் சேர்த்து விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தார். "அண்ணி, எங்க குரூப்ல ஒரு பையனுக்கு 16 டிகிரி இருந்துச்சு. ஆறு மாசம் பவுடர் குடுத்தாங்க, 13 ஆயிருச்சு. எக்ஸ்ரே ரிப்போர்ட்டே வெச்சிருக்காங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட்டும் உண்மையாகவே இருக்கலாம்.

விஷயம் என்னவென்றால், ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். அதனால்தான் 16 என்பது 13 ஆனாலோ, 19 ஆனாலோ மருத்துவர்கள் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து டிகிரிக்கு மேல் போனால்தான் கணக்கு.

அடுத்தது, பல வளைவுகள் எதுவுமே செய்யாவிட்டாலும் அப்படியே நின்றுவிடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவ மையங்கள் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. 20 முதல் 40 டிகிரி வரை வளைவு இருந்த, இன்னும் வளர்ந்துகொண்டிருந்த 242 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பிரேஸ் போடாமல் வெறுமனே கண்காணிக்கப்பட்ட பிரிவிலேயே 48 சதவிகிதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. அந்த 48 பேர் கையிலும் ஆளுக்கொரு பவுடர் டப்பாவைக் கொடுத்திருந்தால், அத்தனை பேரும் அந்தப் பவுடருக்குச் சாட்சி சொல்லியிருப்பார்கள்.

மீதி 52 பேர் குரூப்பில் எதுவும் எழுத மாட்டார்கள். அமைதியாக வெளியேறிவிடுவார்கள்.

அந்த 9 மாதங்களில் நடந்தது

பவுடருக்கும் மாத்திரைக்குமாக மாதம் 3,400 ரூபாய். "வாயெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா" என்று மகள் முகம் சுளித்தாலும் குடித்துவிடுவாள். எட்டு வாரம் முடிந்தும் சாஷே நிற்கவில்லை. மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டினாலே கொடுத்தார்கள்.

நான்கு மாதத்தில் எடுக்க வேண்டிய எக்ஸ்ரே தள்ளிப்போனது. "கோர்ஸ் முடியட்டும் அண்ணி. நடுவுல எக்ஸ்ரே எடுத்துப் பயந்துக்காதீங்க. பொம்பளப் புள்ளைக்குக் கதிர்வீச்சு வேற" என்ற பேச்சு, அந்த வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பேச்சாக இருந்தது. பயந்துகொண்டிருக்கும் வீட்டில், தள்ளிப்போடச் சொல்லும் வார்த்தைக்கு எப்போதும் மரியாதை உண்டு.

இதற்கிடையில் அந்தப் பெண் மளமளவென்று வளர்ந்தாள். அப்பத்தா கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு, "அம்மிணி என்னையத் தாண்டிட்டா" என்று சிரித்தார். எட்டாவது மாதத்தில் வயதுக்கு வந்தாள். சொந்தமெல்லாம் வந்து சீர் செய்தார்கள். புடவை கட்டி உட்கார வைத்தபோதுதான் இடுப்பின் ஒரு பக்கம் உள்வாங்கியிருப்பது தெளிவாகத் தெரிந்தது.

பெண் குழந்தைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது, பெரும்பாலும் வயதுக்கு வருவதற்கு முந்தைய ஓராண்டு வாக்கில். முதுகு வளைவும் வேகமெடுக்கும் காலம் அதுதான். அடிக்கடி வந்து காட்டச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். `கவனிச்சுக்கிட்டா போதும்' என்பது சும்மா இருங்கள் என்பதல்ல. நான்கு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்ப்பதே அந்தக் கட்டத்தின் வைத்தியம்.

சில வாரங்களில் மகளுக்குப் பசி குறைந்தது. மலச்சிக்கல், அடிக்கடி தாகம், இரண்டு முறை வாந்தி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி-யும் கால்சியமும் இருக்க வேண்டிய அளவைத் தாண்டியிருந்தன. டாக்டர் எல்லா டப்பாக்களையும் எடுத்துவரச் சொல்லி மேஜையில் அடுக்கிப் பார்த்தார். பவுடரில் வைட்டமின் டி. மாத்திரையிலும் அதே. சாஷே தனி. மூன்றையும் யாருமே கூட்டிப் பார்க்கவில்லை. அத்தனையும் அன்றே நிறுத்தப்பட்டன. நல்லவேளையாக சிறுநீரகத்துக்குப் பாதிப்பில்லை. சில வாரங்களில் அளவு இறங்கியது.

எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். 31 டிகிரி.

ஒழுங்காக நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்திருந்தால், 25-ஐத் தாண்டும்போதே பிடித்திருக்கலாம். போன பணத்தை அந்த அம்மா பெரிதாகப் பேசுவதில்லை. "முப்பதாயிரம் போனா சம்பாரிச்சுக்கலாமுங்க. அவ வளர்ந்த அந்த ஒம்பது மாசத்தை எங்க போய் வாங்குறது?" என்கிறார்.

பிரேஸ்... கசப்பு மருந்து

வளரும் வயதில் வளைவு 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ் போடுவது வழக்கம். உடம்பை அளவெடுத்து, பிளாஸ்டிக்கில் செய்து, அக்குள் கீழிருந்து இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் உறை அது. 45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச்சு வரும். வளர்ச்சி நின்ற பிறகும்கூட, 50 டிகிரியைத் தாண்டிய வளைவு மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் என்பதுதான் அதற்குக் காரணம்.

மேலே சொன்ன 2013 ஆய்வு பிரேஸைச் சோதிக்கத்தான் நடந்தது. பிரேஸ் அணிந்த பிள்ளைகளில் 72 சதவிகிதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் தப்பினார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்துக்கொண்டார்கள். பிரேஸுக்குள் வெப்பத்தை அறியும் சிறு கருவியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் அணிகிறார்கள் என்றும் பார்த்தார்கள். தினமும் சராசரியாக 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைத்தது. ஆறு மணி நேரம்கூட அணியாதவர்களுக்கு, பிரேஸே போடாதவர்களைவிடப் பெரிய லாபம் இல்லை. எந்தச் சத்து மாத்திரைக்கும் இந்த அளவு அழுத்தமான சான்று கிடையாது.

ஆனால், பவுடர் ஒரு டம்ளர். பிரேஸ் 18 மணி நேரம். அதுவும் ஈரோட்டு வெயிலில்! முதல் வாரம் மகள் அழுதாள். வியர்க்குரு வந்தது. தையல் இல்லாத பருத்தி பனியனை உள்ளே போட்டு, ஈரமானதும் மாற்றப் பழகினார்கள். யூனிஃபார்மை ஒரு அளவு பெரிதாகத் தைத்தார்கள். பள்ளிக் கழிவறையில் தனியாகக் கழற்றி மாட்ட முடியாததால், வகுப்புத் தோழி ஒருத்தி கூடவே போனாள். "ரோபோ" என்று கேலி செய்த பையனிடம் சண்டைக்குப் போனதும் அந்தத் தோழிதான். 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதில் இருந்து, அவர் பெயர் பிரேஸின் உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதப்பட்டிருக்கிறது.

ஓராண்டுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் 32 டிகிரி. முதுகு நிமிரவில்லை. வளைவு கூடவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான், ரொம்ப நாள் கழித்து வீட்டில் பிரியாணி செய்தார்கள்.

அப்படியென்றால் சத்தே வேண்டாமா?

வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் வேண்டும். வளைவு உள்ள குழந்தைக்கு எலும்பு உறுதியாக இருப்பது நல்லதுதான். ஐ.சி.எம்.ஆர் பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு 10 முதல் 12 வயதுக்கு 850 மி.கி, 13 முதல் 15 வயதுக்கு 1,000 மி.கி கால்சியம் தேவை. வைட்டமின் டி 600 யூனிட்.

இதில் பெரும்பகுதியைச் சமையலறையிலேயே எடுத்துவிடலாம். 200 மி.லி டம்ளரில் இரண்டு வேளை பால் என்றால் 480 மி.கி. அரை டம்ளர் அளவுக்குத் தயிர் 120 மி.கி-க்கு மேல். 50 கிராம் கேழ்வரகு மாவில் களியோ, அடையோ செய்தால் இன்னொரு 170 மி.கி. ஓர் எள்ளுருண்டை, கொஞ்சம் முருங்கைக்கீரை சேர்ந்தால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். அசைவம் சாப்பிடுபவர்கள் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியைச் சேர்க்கலாம். வைட்டமின் டி மட்டும் சாப்பாட்டில் குறைவாகத்தான் கிடைக்கும். மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு. மீதிக்கு வெயிலில் விளையாட வேண்டும்.

அதற்கு மேலும் குறைபாடு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இருந்தால் மாத்திரை அவசியம். டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மட்டும்.

டப்பா வாங்கும் முன்...

* லேபிளைத் திருப்பிப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் ஹெல்த் சப்ளிமென்ட்டுகளில் `மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விற்பவர் வாயால் சொல்வதை டப்பாவே மறுத்திருக்கும்.

* ஏற்கெனவே கொடுக்கும் மாத்திரை, பவுடர், சாஷே எல்லாவற்றிலும் உள்ள வைட்டமின் டி-யைக் கூட்டுங்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 9 முதல் 18 வயதினருக்கு ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

* எதைக் கொடுத்தாலும் எக்ஸ்ரே தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடச் சொல்பவர் யாராக இருந்தாலும், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

* என்ன கொடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விடுபவர்கள் நிறைய.

* முதுகில் இரவில்கூட விடாத வலி, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம் இருந்தால் நாள் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

பத்து வயது தாண்டிய பிள்ளைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். கால்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல், இரண்டு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகை மட்டத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக எழும்பித் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 1865-ல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த இந்தச் சோதனையைத்தான் இன்றும் மருத்துவர்கள் முதலில் செய்கிறார்கள். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பது, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துவது, இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருப்பது ஆகியவையும் அடையாளங்கள்.

மாவட்டத் தலைநகரங்களில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவிலேயே எக்ஸ்ரே எடுத்துக் கோணத்தை அளந்துகொள்ளலாம். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே குழந்தையின் உயரத்தையும் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது, டாக்டருக்கு அந்தப் பக்கம் நிறையச் சொல்லும்.